பட்டுப்புழு நோம்பி

மகள் தொகொரோசாவாவில் இருக்கிறாள். டோக்கியோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரம். "சும்மா வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் போகாததற்குக் காரணம் புழு. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் யார் போவது, யார் இருப்பது என்று முடிவு செய்வது புழுதான். இளம்புழு வந்து இறங்கிவிட்டால், கூடு அறுக்கிற வரைக்கும் மூன்று வாரத்துக்கு மேல் கொட்டகையை விட்டு நகர முடியாது.

போன கார்த்திகையில் ஒருவழியாக நாள் அமைந்தது. கூட்டை அறுத்து விற்றாயிற்று. கொட்டகையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் அடித்தாயிற்று. மல்பெரியைக் கவாத்து பண்ணி, தண்ணீர் பாய்ச்சுகிற வேலையை மச்சினன் தலையில் கட்டிவிட்டு, நானும் வீட்டுக்காரியும் உடுமலையிலிருந்து கிளம்பினோம்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் டிசம்பர் 3. காலையில் மகள் வந்து, "அப்பா, இன்னைக்கு ஒரு ஊர்ல தேர் நோம்பிங்க. போலாங்களா?" என்றாள்.

தேர் என்றால் என் கண்ணுக்கு வருவது அவிநாசித் தேர்தான். ஜப்பான்காரன் தேர் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டேன். ரயிலில் ஏறிய பிறகுதான் மகள் அடுத்ததைச் சொன்னாள். அந்த ஊர்ப்பக்கம் இந்த நோம்பிக்கு 'ஒகாய்கோ மாட்சுரி' என்று இன்னொரு பெயரும் உண்டாம். மாட்சுரி என்றால் திருவிழா. காய்கோ என்றால் பட்டுப்புழு. முன்னால் வருகிற 'ஒ' மரியாதைக்கு. வளர்க்கிறவர்கள் பின்னால் ஒரு 'சாமா'வும் சேர்த்து 'ஒகாய்கோ சாமா' என்பார்களாம். நாம் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுகிற மாதிரி, அவர்கள் புழுவுக்கே போட்டிருக்கிறார்கள். எண்ணும்போதுகூட, பூச்சிக்குச் சொல்கிற சொல்லை விட்டுவிட்டு மாட்டுக்கும் குதிரைக்கும் சொல்கிற சொல்லைச் சொல்லித்தான் எண்ணுவார்களாம்.

"ஏனுங்க, அப்படிப் பார்த்தா நம்ம கொட்டாயில எத்தனை உருப்படி நிக்குது?" என்றாள் வீட்டுக்காரி. நாங்கள் ஒரு பேட்சுக்கு 200 முட்டைத் தொகுதி போடுகிறவர்கள்; ஒரு தாய்ப்பூச்சி இடுகிற முட்டை மொத்தமும் ஒரு தொகுதி. லட்சத்தை ஒட்டி வரும். இத்தனை மாடு உள்ளவன் ஜில்லாவிலேயே கிடையாது.

ஊரின் பெயர் சிச்சிபு. சைத்தாமா மாகாணத்தில் மலைக்கு நடுவே கிடக்கிற ஊர். ஜனம் 60,000-ஐ ஒட்டி, கிட்டத்தட்ட நம் உடுமலை அளவு. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு மலை. புகோ என்று பெயர். சாமி மலை. ஆனால் அதன் வடக்கு முகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். மேலிருந்து கீழ்வரைக்கும் படிப்படியாக வெட்டி, சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கிறது. சுண்ணாம்புக்கல், சிமென்டுக்குப் போகிறது. முன்பு 1,336 மீட்டர் உயரம் இருந்த மலை இப்போது 1,304 மீட்டர். மதுக்கரைப் பக்கம் வெட்டின பள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கும்பிடுகிற மலையையே வெட்டி, வெட்டின முகத்தைப் பார்த்தபடி அதே சாமிக்கு நோம்பியும் கொண்டாடுவதை அங்கேதான் பார்த்தேன். குறை சொல்லவில்லை. பட்டுத் தொழில் நொடித்த பிறகு அந்த ஊருக்குச் சோறு போட்டதில் சிமென்டுக்கும் பங்கு உண்டு.

சிச்சிபு கோயிலில் காலையிலேயே கூட்டம். இப்போது இருக்கிற கட்டடம் 1592-ல், பின்னாளில் ஜப்பானையே ஆண்ட தொகுகாவா இயேயாசு கட்டிக்கொடுத்தது. சுவரைச் சுற்றிலும் வண்ணம் பூசின மரச்சிற்பங்கள். நிக்கோ ஊரில் உள்ள, காந்தி குரங்குகள் என்று நாம் சொல்கிற மூன்று குரங்குகள் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொண்டிருக்கும். இங்கே உள்ள மூன்றும் அதற்கு நேர் எதிர்: நன்றாகப் பார், நன்றாகக் கேள், நன்றாகப் பேசு. என் வீட்டுக்காரிக்கு இந்தக் கோயில் உடனே பிடித்துப்போய்விட்டது. இன்னொரு பக்கம் குட்டிகளோடு ஒரு புலி. தாய்ப்புலிக்கு மட்டும் சிறுத்தைப் புள்ளி போட்டிருக்கிறது. பெண்புலிக்குப் புள்ளிதான் இருக்கும் என்று அந்தக் காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

தேர் சாயங்காலம்தானே என்று, மகள் எங்களை மெய்சென் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மணி நேரம் நான் அங்கிருந்து நகரவில்லை. அவர்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கும்.

மெய்சென் என்பது ஒரு வகைப் பட்டுத்துணி. நீளவாக்கில் போகிற பாவு நூலை முதலில் விரித்து, இடைவெளி விட்டு விட்டுக் குறுக்கே பேருக்கு ஒரு ஊடை நூல் கொடுத்து நெய்துகொள்கிறார்கள். நூல் கலையாமல் நிற்கத்தான் அது. அப்புறம் அந்தப் பாவின் மேல் அச்சுத்தாளை வைத்துச் சாயம் இழுக்கிறார்கள். சாயம் காய்ந்ததும் தறியில் ஏற்றி உண்மையான ஊடையைப் போட்டு நெய்கிறார்கள். நெய்ய நெய்ய அந்தப் பழைய ஊடையைக் கையால் உருவி எடுத்துக்கொண்டே வரவேண்டும். 1908-ல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். சாயம் பாவிலேயே இறங்கிவிடுவதால் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாது. ஒரு பக்கம் வெளுத்துப்போனால் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைத்து உடுத்தலாம். நெகமத்தில் எனக்கு ஒரு மருமகன் முறைக்காரன் சேலைத்தறி வைத்திருக்கிறான். அவன் பார்த்திருந்தால் தறியை விட்டு எழுந்தே வந்திருக்க மாட்டான்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. ஒரு தட்டில் கொஞ்சம் கூடு வைத்திருந்தார்கள். அதில் நாலைந்து மற்றதைவிடப் பெரிதாக, உருண்டையாக, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, டபுள் கூடு. இரண்டு புழு ஒரே இடத்தில் ஏறிச் சேர்ந்து கட்டிக்கொள்வது. இரண்டு நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதால் ரீலிங்கில், அதாவது கூட்டிலிருந்து நூல் எடுக்கும்போது, சீராக இழுக்க வராது. அங்காடிக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே நாங்கள் பொறுக்கி எடுத்துவிடுவோம். கழிவோடு கழிவாக, வந்த விலைக்குப் போகும். எங்கள் வீட்டில் அதற்கு மரியாதையே கிடையாது. புழு கூடு கட்ட ஏற்றிவிடுகிற சந்திரிகைத் தட்டில் நெருக்கி ஏற்றிவிட்டாய் என்று ஒருவரை ஒருவர் குறை சொல்லிச் சண்டை போடத்தான் அது.

அங்கே இருந்த அம்மாவிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். மெய்சென் தொடங்கினதே இந்தக் கூட்டில்தான் என்றார். நல்ல கூட்டையெல்லாம் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, விற்க முடியாததை வீட்டுப் பெண்கள் கையால் நூற்று, தங்கள் குடும்பத்துக்கு உடுத்தத் தடிப்புத்துணி நெய்துகொண்டிருக்கிறார்கள். காட்டு வேலைக்குப் போட்டுப்போனாலும் கிழியாது என்று அந்தத் துணிக்குப் பேர். அது வெளியூருக்குத் தெரிந்து, நாளாக ஆக நயமாகி, நாடு முழுக்கப் பெண்கள் விரும்பி வாங்கினது இந்த மெய்சென். கழித்துப்போட்டதிலிருந்து வந்த பேர்.

நான் போனில் எங்கள் கொட்டகைப் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தழை போட்டிருக்கிற அடுக்கு, சந்திரிகை, வாசலில் தூவியிருக்கிற சுண்ணாம்பு எல்லாவற்றையும் பார்த்தார். "வெள்ளைக் கூடா?" என்றார். ஆமாம் என்றேன். முன்பெல்லாம் எங்கள் பக்கம் மஞ்சள் கூடுதான். 1991-லிருந்து ஜப்பான் நிபுணர்கள் மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில்தான் நம் வெயிலுக்குத் தாங்குகிற வெண்கூடு பரவலானது. மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மா எனக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார். எதற்கு என்று விளங்கவில்லை. நானும் போட்டேன். 1930 வாக்கில் அந்த நாட்டில் 22 லட்சம் குடும்பங்கள் புழு வளர்த்திருக்கின்றன. இப்போது மொத்த நாட்டிலும் 200 குடும்பம்கூட இல்லை.

இனி தேர். அந்தக் காலத்தில் வருடக் கடைசியில், பட்டு வேலையெல்லாம் முடிந்த கையோடு இந்த நோம்பி வரும். சுற்றுக் கிராமத்துக்காரர்கள் பட்டைக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். அங்கிருந்து வியாபாரிகள் வந்தார்கள். காசு புரண்டது, புரண்ட காசில் தேர் வளர்ந்தது. அந்தியூர் குருநாதசாமி நோம்பியைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. சாமி ஒரு பக்கம், குதிரைச் சந்தை ஒரு பக்கம். இந்தத் தேரோட்டம் முந்நூறு வருடத்துக்கு மேற்பட்டது. 2016-ல் ஜப்பானின் 33 தேர்த்திருவிழாக்களை யுனெஸ்கோ ஒரே பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சேர்ந்தது.

மொத்தம் ஆறு தேர். நம்மூர்த் தேர் மாதிரி கோபுரமாக உயராது. கோயில் மண்டபத்தை அப்படியே தூக்கிச் சக்கரத்தில் வைத்த மாதிரி இருக்கும். பொன்னும் சிவப்புமாகச் செதுக்கின மரம், சுற்றிலும் காகித விளக்குகள். பெரியது 20 டன். முன்பக்கம் நின்றுகொண்டு சிலபேர் 'ஹோர்யாய், ஹோர்யாய்' என்று கத்துகிறார்கள், கீழே இருப்பவர்கள் வடம் பிடிக்கிறார்கள். மேளம் அடிப்பவர்கள் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. எங்கே என்று தேடினால், தேருக்கு உள்ளே உட்கார்ந்து அடிக்கிறார்களாம். அந்த இடுக்குக்குள் எப்படிக் கையைத் தூக்குகிறார்களோ.

முக்கில் தேர் திரும்பியதைச் சொல்லவேண்டும். நம்மூரில் கட்டை போட்டு, கட்டை போட்டு, பின்னால் புல்டோசரை விட்டு நெட்டித் திருப்புவதற்குள் பொழுது போய்விடும். இங்கே நெம்புகட்டைகளைக் கொடுத்து முழுத்தேரையும் ஒரு பக்கம் சாய்த்தார்கள். விளக்கெல்லாம் ஒருச்சாய்ந்து ஆடியது. வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடியில் ஒரு முளையைச் செருகி, தேரை அதன்மேல் உட்காரவைத்து, ஆட்கள் சுற்றி நின்று தள்ள, அது இருந்த இடத்திலேயே திரும்பி நின்றது.

நடுவில் ஒரு கதை. கோயில் அம்மன் மியோக்கென். புகோ மலைச் சாமி ஆண். இரண்டு பேரும் வருடத்துக்கு ஒருமுறை இந்த ராத்திரிதான் சந்தித்துக்கொள்கிறார்கள். சரி, அதில் என்ன என்றால், மலைச்சாமிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி, சம்சாரம் ஊருக்குள்ளேயே சுவா என்ற இன்னொரு கோயிலில் இருக்கிறது. அதனால் அந்தக் கோயிலைத் தாண்டும்போது மேளத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் போவார்களாம். "20 டன் தேரு போறது அந்த அம்மாவுக்குத் தெரியாதுங்களாக்கு?" என்றாள் வீட்டுக்காரி. "எல்லாம் தெரியும். பேசாம இருக்குது."

குளிர் எலும்பைத் தொட்டது. மகள் காகித டம்ளரில் அமசாக்கே என்று வெள்ளையாக, சூடாக ஒன்று வாங்கிவந்தாள். "கள்ளா?" என்று வீட்டுக்காரி கையை இழுத்துக்கொண்டாள். கார்த்திகை மாதம் வேறு. அரிசியில் செய்தது, போதை இல்லை என்று மகள் விசாரித்துச் சொன்ன பிறகு இரண்டு டம்ளர் குடித்தாள். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் மிசோ விழுது ஊற்றித் தந்தார்கள். இனிப்பும் உப்புமாக, பரவாயில்லை.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஆறு தேரும் டாங்கோசாகா என்ற செங்குத்தான ஏற்றத்தில் ஏறும். நோம்பியின் உச்சமே அதுதான். மேலே உட்கார முன்கூட்டியே சீட்டு வாங்கியிருக்கவேண்டும். எங்களிடம் இல்லை. கூட்டம் எங்களை ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. அங்கே தேர் தண்டவாளத்தைத் தாண்டுவதற்காக ரயிலை நிறுத்தி, மேலே போகிற மின்கம்பியையே கழற்றி வைத்திருந்தார்கள். நம்மூரில் கரண்ட் ஆபீஸ்காரர் தேருக்கு முன்னால் கம்பியைக் கழற்றிக்கொண்டே போவாரே, அதேதான். அது ஒன்றைப் பார்த்ததும் ஊரில் நிற்கிற மாதிரியே இருந்தது.

ஏற்றத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். மேளம் திடீரென்று வேகமெடுத்தது. சக்கரம் கிறீச்சிட்டது. ஆயிரம் பேர் சேர்ந்து கத்தினார்கள். அப்புறம் தலைகளுக்கு மேலே, இருட்டில், ஒரு கொத்து விளக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. நடுவில் ஒருமுறை நின்றது. சத்தமும் நின்றது. மறுபடி ஏறியது. அதற்குப் பின்னால் வானத்தில் வாணம்.

திரும்பி வர ஸ்டேஷனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. வீடு சேரும்போது ராத்திரி ஒரு மணி.

ஊருக்கு வந்து தை மாதத்தில் அடுத்த பேட்ச் எடுத்தோம். கூடு பிரிக்கும்போது வீட்டுக்காரி டபுள் கூட்டைக் கழிவில் போடாமல் தனி முறத்தில் போட்டாள். யாரையும் திட்டவும் இல்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, இல்லாவிட்டால் ஓட்டை போட்டுக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வந்துவிடும், ஒரு துணிப்பையில் கட்டிக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். நெகமத்து மருமகனுக்குப் போன் போட்டேன். "டபுள் கூட்டு நூலா? கையில நூக்கறதுக்கு இப்ப ஆளு எங்கீங் மாமா இருக்குது?" என்றான். விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பையில் மூன்று கிலோ தேறியிருக்கிறது.