ஓடு கட்டுவது யார்?

மீன்தொட்டி என்ற ஒன்றை ஆராய்ச்சிக்காக முதன்முதலில் செய்தவர்களில் ஒருவர் ழான் வில்ப்ரே-பவர். 1794-ல் பிரான்சின் ழுய்யாக் ஊரில், செருப்புத் தைப்பவரின் மகளாகப் பிறந்தவர். பாரிஸில் ஆடை தைத்தார். 1818-ல் திருமணமாகி சிசிலியின் மெசினாவில் குடியேறினார். அங்கேதான் கடல் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்போது ஆர்கோனாட் பற்றி ஒரு பெரிய சண்டை. பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இனம்தான், ஆனால் காகிதம்போல மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். துறவி நண்டு மாதிரி யாரோ விட்டுப்போன ஓட்டில் குடியேறியதா, தானே கட்டியதா? உடல் ஓட்டோடு ஒட்டியிருக்காது என்பதால் பலர் முதல் கட்சி. செத்த உயிரைச் சாராயத்தில் போட்டுப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கவே கிடைக்காது.

அதனால் 1832 வாக்கில் வீட்டில் வைக்கக் கண்ணாடித் தொட்டியும், கடலில் நங்கூரமிட்டு நிறுத்தும் கூண்டுகளும் செய்தார். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஓடே இல்லை, பிறகுதான் வளர்ந்தது. ஓட்டை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார். அகன்ற சவ்வுள்ள இரண்டு கைகளையும் ஓட்டின்மேல் விரித்து அதுவே அடைத்துக்கொண்டது! அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து "கப்பல் பாய்" என்று நம்பப்பட்ட அதே கைகள். ஓடு கட்டுவது பெண் மட்டுமே, முட்டையும் அதற்குள்தான்.

ஏற்றிச்சென்ற கப்பல் மூழ்கியதில் அவருடைய சேகரிப்புகளும் குறிப்புகளும் பெரும்பாலும் போயின. நினைத்தாலே வயிறு எரிகிறது. 1871-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர்.