வீரை மரம் இல்லாத பட்டியல்

காட்டு ஓரத்தில் நாயுண்ணி பூத்துக் கிடக்கும் பற்றையடியில் காலை ஒன்பது மணிக்கு அரை மணித்தியாலம் நின்றால் வண்ணத்துப்பூச்சிப் பெயர்களால் கொப்பியின் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அதே அரை மணித்தியாலம் உள்ளே போய், பாலை, வீரை மரங்கள் அடர்ந்த நிழலில் நடந்தால் நாலைந்து வரி எழுதக் கிடைத்தாலே பெரிது. இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, காட்டை வெட்டிய இடத்தில்தான் வண்ணத்துப்பூச்சி செழிக்கிறது என்று தோன்றும். மட்டக்களப்பு, அம்பாறைக் காடுகளில் எடுக்கப்படும் பட்டியல்களைக் கெடுக்கும் முதற் பிழை இதுதான். நாயுண்ணி தேன் கொடுக்கும். ஆனால் இங்குள்ள இனங்களில் பெரும்பாலானவற்றின் புழுக்கள் அதன் இலையைத் தொடுவதில்லை. தேன் குடிக்க வந்த கூட்டத்தை அந்த இடத்தில் பிறந்த கூட்டம் என்று எழுதிவிட்டால், பிறந்த காடு அழியும்போது நம் கணக்கில் ஒன்றும் குறையாது.

இலங்கையில் அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய 250 இனங்கள். இந்நாட்டுக்கே உரியவை அவற்றில் 30 அளவில். அந்த 30இல் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வாழ்வதால் ஆய்வும் பணமும் அந்தப் பக்கமே போகின்றன. நம் வறள் காடுகளுக்கு, யானையும் பறவையும் இருக்கும் இடம் என்ற பெயர் மட்டும் உண்டு. அத்தோடு 2009 வரை நீடித்த போரினால் குடும்பிமலைப் பக்கம், வாகரைப் பக்கம் எல்லாம் நீண்ட காலம் யாரும் நிம்மதியாக நடந்து எண்ணக்கூடிய இடங்களாக இருக்கவில்லை. அருகிவரும் இனங்களை மதிப்பிடும் செம்பட்டியல் முறையில் ஓர் இனம் வாழும் பரப்பை 2 கிலோமீற்றருக்கு 2 கிலோமீற்றர் சதுரங்களாக எண்ணுவார்கள். யாரும் போகாத சதுரமும் பூச்சி இல்லாத சதுரமும் அந்தப் படத்தில் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும். அதனால்தான் இங்கு ஒரு காலைப்பொழுதின் ஒழுங்கான பதிவுக்குக்கூட மதிப்பு இருக்கிறது.

எப்போது போவது? வாடை மழை விழுந்து காடு புதுத் துளிர் விட்ட பிறகு. புழு தின்பது பெரும்பாலும் இளந்துளிரை. முட்டையிலிருந்து சிறகு விரியப் பல இனங்களுக்கு மூன்று முதல் ஐந்து கிழமை பிடிக்கும். ஆகவே முதல் பெருமழைக்கு மறுநாள் ஓடுவதில் பயனில்லை. மழை விட்டு வெயில் எறிக்கும் மார்கழி, தை, மாசிக் காலைகள்தான் நல்ல அறுவடை. ஆனால் அந்தக் காலத்தில் மட்டும் எண்ணினால் போதாது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் காட்டு நடுவெல்லாம் காய்ந்து கிடக்க, ஆற்றோரத்து மருதமர நிழலிலும் ஈரமணலிலும் எவை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் எழுதவேண்டும். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் கும்புக்கன் ஓயாக் கரையில் பார்ப்பது அந்தக் கூட்டத்தைத்தான். ஈரமணலில் மொய்ப்பவை பெரும்பாலும் ஆண்கள். மண்ணில் கரைந்த உப்பை உறிஞ்ச வருகின்றன.

எண்ணும் முறை எளியது. 1970களில் இங்கிலாந்தில் ஏர்னஸ்ட் பொலார்ட் என்ற ஆய்வாளர் வகுத்தது. எப்போதும் அதே பாதை, அதே நடை. நம் காடுகளுக்கு 500 மீற்றர் போதும். அதை 100 மீற்றர் துண்டுகள் ஐந்தாகப் பிரித்து, துண்டு தொடங்கும் இடங்களில் மரத்துக்கு இலக்கம் கட்டவேண்டும். ஆணி அடிக்கக் கூடாது. இடப்புறம் இரண்டரை, வலப்புறம் இரண்டரை, முன்னால் ஐந்து மீற்றர் கொண்ட ஒரு பெட்டியை மனதில் கட்டிக்கொண்டு, அதற்குள் வருவதை மட்டும் எண்ணவேண்டும். பின்னால் வருவதைத் திரும்பிப் பார்த்து எண்ணுவதில்லை. ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதுவார். ஆறாவது மீற்றரில் அழகான பூச்சி ஒன்று இருக்கும்போது அதை விட்டு நடப்பதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினம். அதைத் தனிப் பக்கத்தில் 'பெட்டிக்கு வெளியே' என்று எழுதலாம். கணக்கோடு கலக்கக் கூடாது.

நேரம் எட்டரை முதல் பதினொன்றரை வரை. வெயில் உச்சிக்கு ஏறினால் பல இனங்கள் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். அந்த நேரத்து எண் குறைவது நம் கால் பிந்தியதால் வரும் குறை. கச்சான் நாட்களில் சிறு கிளைகள் ஆடத் தொடங்கினால் நிறுத்திவிடவேண்டும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முகில் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற நான்கும் இல்லாத தாளை வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியாது. எழுதுவது பென்சிலால். பேனை மை வியர்வையிலும் தூறலிலும் கரையும். கமராவின் மணிக்கூட்டையும் ஜி.பி.எஸ். கருவியின் மணிக்கூட்டையும் புறப்படுமுன் ஒன்றாக்கிக்கொள்ளவேண்டும். பத்து நிமிடம் பிசகினால் எந்தப் படம் எந்தத் துண்டில் எடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பின்னேரம் வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதும் பழக்கம் அதைவிட மோசம். ஞாபகத்தில் பெரியதும் நிறமானதும் மட்டுமே தங்கும், சின்ன நீல இனங்கள் எல்லாம் போய்விடும்.

அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. கள வேலையில் எல்லோர் வாயிலும் ஆங்கிலப் பெயர்களே புழங்குவதால் அப்படியே சொல்கிறோம். கொமன் மோர்மன் என்பது வீட்டுக் கறிவேப்பிலையிலும் காட்டுக் குருந்திலும் வளரும் இனம். அதன் பெண்ணுக்கு மூன்று வேடம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று கொமன் ரோஸ் போல, மற்றது கிரிம்சன் ரோஸ் போல. ரோஸ் இரண்டும் ஈசுரமூலிக் கொடியைத் தின்று வளர்ந்து அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொண்டவை, பறவைகள் ஒதுக்கிவிடும். அந்தப் பாதுகாப்பை மோர்மன் உருவத்தால் இரவல் வாங்குகிறது. சிறகை மட்டும் பார்த்தால் தேர்ந்தவரும் ஏமாறுவார். உடலைப் பார்க்கவேண்டும். ரோஸுக்குத் தலையிலும் வயிற்றிலும் குங்குமச் சிவப்பு இருக்கும், மோர்மனின் உடல் கறுப்பு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தவறவிட்டால், ஈசுரமூலியே இல்லாத பற்றையில் ரோஸ் வாழ்வதாகப் பதிவு போய்ச் சேரும்.

சிறு மஞ்சள் இனங்களுக்கு மேற்புறப் படம் உதவாது. சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகின் அடிப்புறத்தில், செல் எனப்படும் நீண்ட அறைக்குள் எத்தனை பொட்டு என்று பார்ப்பார்கள். இரண்டு என்றால் கொமன் கிராஸ் யெலோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பொட். பருவத்துக்குப் பருவம் பொட்டுகள் மங்குவதும் உண்டு. ஈவினிங் பிரவுன் மாரியில் கண்பொட்டுகளோடும் கோடையில் சருகு போலவும் வரும், அதை இரண்டு இனமாக எழுதியவர்கள் உண்டு. ஐயம் இருந்தால் 'மஞ்சள் இனம், தெளிவில்லை' என்று எழுதுவதே நேர்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி முதலில் சொன்ன விடயம், பூச்சி பிறந்த செடியைக் கண்டுபிடிப்பது. 500 மீற்றர் நடந்து முடித்தபின் திரும்பி வரும்போது அதே பாதையில் இலைகளைப் புரட்டவேண்டும். இது மெதுவான வேலை, ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் எடுக்கும். கொன்றைத் துளிரில் வெள்ளையாக, நெல்லைவிடச் சிறிதாக, நிமிர்த்தி வைத்த கதிர்போல நிற்பது எமிகிரண்ட் இனத்து முட்டை. ஈசுரமூலியில் செம்மஞ்சள் உருண்டை தெரிந்தால் ரோஸ். அந்தக் கொடியில் கருஞ்சிவப்புப் புழு இருந்து, நடு உடலில் வெள்ளைப் பட்டை ஓடினால் கொமன் ரோஸ். பட்டை இல்லாதது கிரிம்சன். பெண் ஒன்று இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறந்தால் அதன் பின்னால் கண்ணை விடுங்கள். முன்கால்களால் இலையைச் சுவைத்துப் பார்த்துத் தன் மரத்தைத் தேடுகிறது. அது எங்கே வயிற்றை வளைத்து முட்டை வைக்கிறதோ, அந்தச் செடியின் பெயரை எழுதிய ஒரு வரி, பறந்து போனவை பற்றிய இருபது வரிகளுக்குச் சமம்.

இந்தக் காடுகளுக்கு உரிய உதாரணம் வீரை. அதன் பழத்தையும் பாலைப்பழத்தையும் நம் ஊர்களில் தெரியாதவர் இல்லை. அந்த வீரையின் இலையைத் தின்றுதான் லெசர் அல்பட்ரோஸ் என்ற வெள்ளை இனத்தின் புழு வளர்கிறது. சில ஆண்டுகளில் வீதியைக் குறுக்கறுத்து ஆயிரக்கணக்கில் பறந்து போகும் கூட்டங்களில் இதுவும் ஒன்று. சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று முதியவர்கள் சொல்வது இந்தக் கூட்டங்களைத்தான். அப்படிப் போகும் நாளில் பெட்டி முறை பயன்படாது. வீதியில் 30 மீற்றர் அகலத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டைக் கடப்பவற்றை ஐந்து நிமிடம் எண்ணி, திசைகாட்டியால் திசையையும் குறித்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி எண்ணவேண்டும். கூட்டத்தின் அழகை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சேனைக்கும் சோளத்துக்கும் வெட்டப்பட்ட மேட்டுநிலத்தில் எத்தனை வீரை போனது என்பதை எழுத ஆள் குறைவு.

பழப்பொறி பற்றிச் சுருக்கமாக. பூவுக்கு வராமல் அழுகிய பழத்துக்கு வரும் இனங்களுக்கு அது வேண்டும். ஒரு கிலோ கனிந்த கதலியைப் பிசைந்து, இரண்டு கரண்டி சீனி சேர்த்து, இறுக்கி மூடாத போத்தலில் இரண்டு நாள் புளிக்கவைத்தால் போதும். பொறியைத் தொங்கவிடும் கயிற்றில் கிறீஸ் பூசாவிட்டால் முசுறு எறும்பு இறங்கி, உள்ளே சிக்கியவற்றின் சிறகை மட்டும் மிச்சம் வைக்கும். ஆனால் யானை நடமாடும் இடத்தில் வாழைப்பழ வாசனையைக் கட்டித் தொங்கவிடுவது ஆபத்து. கல்ஓயா, லகுகல பக்கங்களில் பொறியே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வலையும் அப்படித்தான். தேசிய பூங்காவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி, ஒதுக்குக்காட்டுக்கு வன இலாகாவின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் வலையோடு இறங்கவே கூடாது. 2024இல் யால பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி பிடித்த வெளிநாட்டவர் இருவருக்கு 6 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. நம் வேலையில் பத்தில் ஒன்பதுக்குக் கமராவே போதும்.

காட்டுக்குள் வழி காட்டுபவர்கள் மாட்டுப் பட்டிக்காரரும் தேன் எடுப்பவர்களும். 'அண்ணே, இந்தக் கொடி வேறெங்க நிக்குது?' என்று கேட்டால், ஒரு மாதம் தேடும் இடத்தைக் கையால் காட்டிவிடுவார்கள். நாம் வண்ணத்துப்பூச்சி என்று எழுதுவதை அவர்கள் வண்ணாத்திப்பூச்சி என்பார்கள். பூச்சியைக் கேட்பதைவிட மரத்தைக் கேளுங்கள். விளா எங்கே, குருந்து எங்கே, ஆதொண்டை எங்கே என்பதற்கு அவர்களிடம் இருக்கும் துல்லியம் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்கள் சொன்ன செடிப் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதி, இலையும் பூவும் தெரியப் படமும் சேர்க்கவேண்டும். ஒரே பெயரை இரண்டு ஊரில் இரண்டு செடிக்கு வைத்திருப்பார்கள்.

கடைசியாக, பாதையின் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போகும் நாள். நெருப்பு வைத்திருப்பார்கள், அல்லது மண் அள்ளும் வாகனத்துக்கு வழி திறந்திருப்பார்கள். இலக்கம் கட்டிய மரம் அடிக்கட்டையாக நிற்கும். பலர் அந்தத் துண்டைத் தாளிலிருந்து நீக்கிவிட்டுப் பாதையை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஐந்து ஆண்டு உழைப்பில் இருந்து அந்த இழப்பே மறைந்துவிடும். வெட்டப்பட்டதைக் கண்ட திகதியை எழுதி, அடிக்கட்டையைப் படமெடுத்து, அடுத்த முறையும் அந்த 100 மீற்றரை அதே வேகத்தில் நடந்து, ஒன்றும் காணாவிட்டால் பூச்சியம் என்று போடவேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது.