பிரிட்டனில் பைக் லைசென்ஸ் எடுத்த கதை

பிரிட்டனுக்குக் குடிவந்தபின் இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு 12 மாதம்வரைதான் வண்டி ஓட்டலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாட்டுக்காரர்கள் தங்கள் லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் சிவப்பு ‘எல்’ ஒட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதுதான். இவர்களும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பது ஒன்றுதான் நமக்கு வசதி.

முதலில் புரொவிஷனல் லைசென்ஸ், அதாவது பழகுநர் லைசென்ஸ். ஆன்லைனில் 34 பவுண்டு கட்டினேன், தபாலில் அட்டை வந்தது. அடுத்து சிபிடி என்ற ஒருநாள் பயிற்சி. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ஆனால் பயிற்சியாளருக்குத் திருப்தி வராவிட்டால் சான்றிதழ் தரமாட்டார், இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார். காலையில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டிவிட்டு, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கக் காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும்.

கியர், கிளட்ச் எல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. பாடுபட்டது கழுத்துதான். ஒவ்வொரு திருப்பத்துக்கும், லேன் மாறுவதற்கும், ஓரத்தில் நின்ற வண்டியை எடுப்பதற்கும் முன்னால் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ‘லைஃப்சேவர்’ என்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், ஆனாலும் காதுக்குள் பயிற்சியாளர் விடவில்லை: “கண்ணாடியில் தெரியாததைப் பாருங்கள்.” ஹாரனை நம்பி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சுலபத்தில் வராது. இங்கே ஹாரன் ஆபத்தை எச்சரிக்க மட்டும்தான். ஊருக்குள் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை ஓடும் வண்டியில் அதைத் தொடவே கூடாது.

இன்னொரு விஷயம் இண்டிகேட்டர். கார் மாதிரி இது பல பைக்குகளில் தானாக அணையாது. ரவுண்டானாவைத் தாண்டியும் இடது விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், அடுத்த சந்தில் காத்திருக்கும் கார்க்காரர் நாம் திரும்பப்போகிறோம் என்று நம்பி முன்னால் வந்துவிடுவார். மழை நாளில் மேன்ஹோல் மூடி, சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு, உதிர்ந்த இலை மூன்றுமே வழுக்கும். சாய்ந்தபடி அவற்றின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

சிபிடி சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். ஆனால் 125 சிசிக்கு மேல் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் போகக் கூடாது. முழு லைசென்ஸ் வேண்டுமென்றால் இன்னும் மூன்று பரீட்சை: தியரி, பிறகு வண்டி ஓட்டிக் காட்டும் மாட்யூல் 1, மாட்யூல் 2. ஓட்டும் பரீட்சையைப் பெரிய பைக்கிலேயே நேரடியாகக் கொடுக்க 24 வயது ஆகியிருக்க வேண்டும்.

தியரிக்கு 23 பவுண்டு. 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு வீடியோ பார்த்து ஆபத்து உருவாகும்போது கிளிக் செய்யும் பகுதியில் 75-க்கு 44. விடாமல் கிளிக் செய்துகொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்குப் பூஜ்யம். கார் தியரி பாஸ் செய்திருந்தாலும் இதைத் தனியாக எழுதத்தான் வேண்டும், இது எனக்கு அநியாயமாகத்தான் பட்டது.

மாட்யூல் 1 மூடிய மைதானத்தில். கட்டணம் 15.50 பவுண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சடாரென்று விலகி நிற்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். என்னைக் கேட்டால், கோட்டைத் தொடாமல் காலை ஊன்றாமல் அடிக்கும் யூ டர்ன்தான் வியர்க்க வைப்பது. பின் பிரேக்கை லேசாக அழுத்தி, கிளட்சை முழுதாக விடாமல் பாதியில் பிடித்து, தலையை முழுக்கத் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி அங்கேயே சாயும். திருப்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் பார்க்க மறந்தால் மற்றதெல்லாம் அழகாகச் செய்தும் பிரயோஜனமில்லை.

மாட்யூல் 2 சாலையில், சுமார் 40 நிமிஷம். தேர்வாளர் இன்னொரு வண்டியில் பின்தொடர்வார். வார நாளில் 75 பவுண்டு. பத்துச் சின்னத் தவறுவரை மன்னிப்பு உண்டு, பெரிய தவறு ஒன்றுகூடக் கூடாது. நீங்கள் பார்த்தால் மட்டும் போதாது, பார்க்கிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். தலையைத் தாராளமாகத் திருப்புங்கள்.

வண்டி வாங்குவதற்கு முன் இன்சூரன்ஸ் விசாரித்துவிடுங்கள். ஊரில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய வருஷங்களை நான் கேட்ட கம்பெனி எதுவும் கணக்கில் எடுக்கவில்லை. ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பதைத்தான் கேட்டார்கள், திருட்டு அந்த அளவுக்கு உண்டு. பிடித்த வண்டியின் பதிவெண்ணைப் போட்டு பிரீமியத்தைப் பார்த்துவிட்டு, நல்ல சங்கிலிப் பூட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்குப் பிறகு விற்பவரிடம் பேரம் பேசுங்கள்.