முளைப்பயறு: ஈரிழைத் துண்டிலிருந்து ஓட்டைச் சட்டி வரை

எங்கள் வீட்டில் முளைகட்டுவது என்றால் பாசிப்பயறுதான், அதுவும் துணி மூட்டைதான். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஈரிழைத் துண்டில் முடிந்து சமையலறை ஆணியில் மாட்டினால் மறுநாள் முளை விட்டிருக்கும். அதில் தொடங்கிய நான் கொள்ளு, கருப்புக் கொண்டைக்கடலை, வெந்தயம், கேழ்வரகு என்று போய், இப்போது நூடுல்ஸில் போடுகிற நீள முளை வரைக்கும் வந்திருக்கிறேன். இருப்பது தஞ்சாவூர். இந்த ஊர் சூட்டில் எது சரிப்படுகிறது, ஏன் சரிப்படுகிறது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பயறு. டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி, சித்திரையில் அறுப்புக்கு வரும். அந்தப் புதுப்பயறு கிடைக்கும்போது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுவது நல்லது. பழசாக ஆக முளைப்புத் திறன் குறைகிறது. முளைக்காத பயறு மூட்டைக்குள்ளேயே அழுகி, முளைத்ததையும் கெடுக்கிறது. மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “நீ முளைக்கலைன்னு கவலைப்படுற, நாங்க முளைச்சிடுச்சுன்னு கவலைப்படுறோம்ப்பா. அறுப்பு நேரத்துல ரெண்டு நாள் மழை பேஞ்சா நெத்துக்குள்ளேயே முளைச்சிடும்” என்றார். நமக்குச் சமையலறையில் வேண்டியது எதுவோ, அதுவே அவருக்கு வயலில் நஷ்டம்.

விதைக்கென்று மருந்து தடவி விற்கிற பயறைச் சாப்பாட்டுக்குத் தொடவே கூடாது. பெரும்பாலும் சாயம் கலந்திருப்பார்கள், பார்த்தாலே தெரியும். இன்னொன்று கல்பயறு. எவ்வளவு ஊறினாலும் தண்ணீர் குடிக்காமல் அப்படியே கிடக்கும். ஊறியதும் கையால் அளைந்து அவற்றைப் பொறுக்கிவிடுவேன். விட்டால் சுண்டலில் பல்லுக்குத்தான் ஆபத்து.

இனி சூடு. முளைக்கிற விதை மூச்சுவிடுகிறது, அந்த மூச்சில் வெப்பம் வருகிறது. மூட்டையை அவிழ்த்ததும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், வெளியே இருப்பதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழியில் இது உதவி. சித்திரை, வைகாசியில் இதுவே பயறைப் புளிக்கவைத்து, வழுவழுப்பும் நாற்றமும் கொண்டுவருகிறது. ஆகவே வெயில் காலத்தில் நான் மூட்டை கட்டுவதில்லை. ஊறவைப்பதும் ஐந்தாறு மணி நேரம்தான், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி. பிறகு கண்ணகன்ற சல்லடையில் மெல்லிசாகப் பரப்பி, ஈரத்துணி போட்டு மூடி, காலையும் மாலையும் குழாய்த் தண்ணீரில் அலசி நன்றாக வடியவிடுவேன். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. முளைகட்டுவதில் பாதி வித்தை வடிப்பதில்தான் இருக்கிறது.

கொள்ளுக்குப் பொறுமை வேண்டும். தோல் தடிமன், ராத்திரி முழுக்க ஊறியும் முளைக்க இன்னும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஆனால் எளிதில் கெடாது, கோடையில் நம்பி இறங்கலாம். கொண்டைக்கடலையில் சின்னக் கருப்பு நன்றாக வருகிறது. பெரிய வெள்ளைக் கடலை முளைக்கும் முன்பே பிசுபிசுக்கிறது, விட்டுவிட்டேன். வெந்தயம் துணிக்கு ஆகாது. அதன் கோந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும், சல்லடையில் இரண்டு மூன்று தடவை அலசினால்தான் அடங்கும். முளைத்த வெந்தயத்தில் கசப்பு நன்றாகக் குறைந்திருக்கும்.

முளைத்ததைச் சாப்பிட்டால் வயிற்று உப்புசம் குறைவு என்று வீட்டில் சொல்வது சரிதான். பயறில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் நம் குடலில் செரிக்காமல் கீழே போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களால் வாயுவாகின்றன. விதை முளைக்கும்போது அவற்றைத் தன் தேவைக்கே செலவழித்துவிடுகிறது. வைட்டமின் சி கணக்கு இதற்கு நேரெதிர். காய்ந்த பயறில் அது ஏறக்குறைய கிடையாது, முளைவிட்டதும் உருவாகிறது. முதல் உலகப் போரின்போது மெசொப்பொத்தேமியாவில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் காய்கறி கிடைக்காமல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். அந்தக் காலத்தில் லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியட் சிக்கும் அவருடன் வேலை செய்தவர்களும், முளைகட்டிய பயறு வகைகள் ஸ்கர்வியைத் தடுக்கும் என்று சோதனையில் காட்டினார்கள். எலுமிச்சையோ கீரையோ கிடைக்காத இடத்தில், சாக்கில் கிடக்கும் பயறும் கொஞ்சம் தண்ணீரும் போதும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இதைச் சொன்னால் உடனே பச்சையாகத் தின்னலாமா என்று கேட்பார்கள். நான் தின்பதில்லை, வீட்டில் யாருக்கும் தருவதுமில்லை. முளைக்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் வேண்டியவை. விதையின் தோல் மடிப்பில் ஒட்டியிருப்பது அலசினால் முழுதாகப் போகாது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமியால் ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்று, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் பழி வெள்ளரிக்காய் மேல் விழுந்தது. கடைசியில் விசாரணை போய் நின்றது வெந்தய முளையில், எகிப்திலிருந்து வந்த விதையில். நம் வழக்கத்தில் முளைப்பயறு சுண்டலாகவும் குழம்பாகவும்தான் இலைக்கு வந்தது. அதுவே சரி என்று உறுதியாக நினைக்கிறேன். இட்லித் தட்டில் துணி விரித்து, உள்வரை நன்றாகச் சூடேறும்படி ஆவியில் வைத்தால் கடிக்கும் பதம் போகாது. வைட்டமின் சி கொஞ்சம் குறையும், குறையட்டும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றையும் முளைகட்டிச் சாப்பிடவும் முடியாது. ராஜ்மாவை முளைகட்டினாலும் அதன் நச்சு போகாது, நன்றாகக் கொதித்து வெந்தால்தான் போகும். சோளத்தின் இளங்குருத்தில் சயனைடு உண்டாகும். இளஞ்சோளத்தில் மாட்டை விடாதே என்று மேய்ப்பவர்கள் சொல்வது அதனால்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன். மலேசியாவில் தௌகே என்கிற, விரல் நீளத்துக்கு வெள்ளையாகக் கொழுத்த பாசிப்பயறு முளை. சும்மா வளரவிட்டால் நூல்போல மெலிந்து சுருண்டு, இலை விட்டுப் பச்சையாகி, சற்றுக் கசக்கிறது. இதற்கு மூன்று வேண்டும்: இருட்டு, பாரம், ஏராளமான தண்ணீர். வெளிச்சம் படாவிட்டால் பச்சை ஏறாது. மேலிருந்து அழுத்தம் இருந்தால் நாற்று எத்திலீன் வாயுவைச் சுரக்கிறது, அது தண்டின் நீளத்தைக் குறைத்துத் தடிமனாக்குகிறது. பழம் பழுக்கவைக்கிற அதே எத்திலீன்தான்.

செடி வைக்கிற, அடியில் ஓட்டையுள்ள புது மண்சட்டி வாங்கினேன். கொதிநீர் ஊற்றிக் கழுவி, அடியில் காடாத்துணி போட்டு, மூக்கு விட்ட பயறை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். அதன்மேல் ஈரத்துணி, அதன்மேல் சட்டிக்குள் இறங்குகிற அளவில் ஒரு தட்டு, தட்டின்மேல் கழுவிய கல். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டின் ஓரமாகத் தண்ணீர் ஊற்றி, ஓட்டை வழியாக முழுதும் ஓடவிட வேண்டும். குளிப்பாட்டுவது ஈரத்துக்கு மட்டுமில்லை, உள்ளே சேர்ந்த சூட்டையும் அந்தத் தண்ணீர்தான் வாரிக்கொண்டு போகிறது. வெயிலில் சூடேறிய தொட்டித் தண்ணீர் உதவாது, பானைத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

கண்ணாடி பாட்டிலிலும் எவர்சில்வர் டப்பாவிலும் இதையே வைத்துப் பார்த்தேன். கோடையில் சட்டியை எதுவும் நெருங்கவில்லை. சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது சட்டி தானே குளிர்கிறது. குடிக்கிற தண்ணீர்ப் பானையில் நடப்பதேதான். நாலாம் நாள் வாக்கில் கல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவதைப் பார்க்கலாம். இத்தனூண்டு பயறு கூடிநின்று கல்லைத் தூக்குகிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம். ஐந்தாம் நாள் எடுத்து, தண்ணீரில் அலசித் தோலை மிதக்கவிட்டு, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுப் பெரிய தீயில் வதக்கினால் சோற்றுக்கே தொட்டுக்கொள்ளலாம்.

குட்டை முளைக்கு என் ஓட்டு புளிக்குழம்புக்குத்தான். கொள்ளு முளையும் கத்தரிக்காயும் போட்டு, சின்ன வெங்காயம் நிறையச் சேர்த்து நல்லெண்ணெயில் தாளித்த குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

கேழ்வரகு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஊறவைத்து முளைகட்டி, நன்றாக உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்து, லேசாக வறுத்து அரைக்கிறேன். சாதாரண மாவில் களிபோல இறுகும் கஞ்சி, இதில் இளகி ஓடுகிறது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால்தான். கைக்குழந்தைக்கு விழுங்கும் பதத்தில், கூடுதல் மாவைச் சேர்த்து ஊட்ட முடிகிறது. தங்கை மகனுக்கு இதுதான் காலைக் கஞ்சி. வறுப்பதில் மட்டும் கவனம்: வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும், சிவக்க வறுத்தால் நொதி போய்விடும், கஞ்சி பழையபடி இறுகும்.