சட்டியைக் காட்டுங்கள்

செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் ஒரு காலத்தில் டி.வி.யில் சமையல் சொல்லிக்கொடுத்தவர்கள் என்றால் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘குக் வித் கோமாளி’யில் நடுவர்களாக இருந்த தாமுவும் பட்டும்தான். கோமாளிகளின் கூத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள். “அப்போ அவங்களுக்கும் சமைக்கத் தெரியுமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தச் சந்தேகம் அவளுக்கு இருந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் வீட்டு அடுப்படி அத்தையின் ராஜ்ஜியம். அத்தை என்றால் மாமியார். கோடை விடுமுறையிலும் காலாண்டு லீவிலும் அவரோடு உட்கார்ந்து டி.வி. பார்த்து எனக்கு வந்த சமையல் பாதி. மீதி அவர் கைப்பக்குவத்தைப் பார்த்து வந்தது. அதனால் அந்த மாணவியின் கேள்வி என்னை விடவில்லை.

மதியம் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, கொஞ்சம் காலை நீட்டி உட்காரும் நேரத்தில்தான் அந்த நிகழ்ச்சிகள் வரும். ஒரு மேடை, ஓர் அடுப்பு, கிண்ணம் கிண்ணமாக நறுக்கி வைத்த சாமான், சமைக்க ஒருவர், பேச்சுக் கொடுக்க ஒரு தொகுப்பாளினி. ஜெயா டி.வி.யில் ‘அறுசுவை இது தனிச்சுவை’ வந்தது. சன் டி.வி.யில் செஃப் ஜேக்கப் ‘ஆஹா என்ன ருசி’ நடத்தினார்; 2012-ல் சின்ன வயதிலேயே அவர் போய்ச் சேர்ந்தபோது அத்தை சொந்தக்காரர் இறந்ததுபோல் அழுதார். கண்ணதாசன் மகள் ரேவதி சண்முகம், மல்லிகா பத்ரிநாத் எல்லாரும் எங்கள் வீட்டில் பெயர் சொல்லிப் பேசப்பட்டவர்கள். ரேவதி சண்முகம் சொன்ன குழம்பு என்றால் அத்தை மறுபேச்சு பேசமாட்டார்.

அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வேகமாக எழுத வராது. பழைய டைரி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சாமானையும் அளவையும் மட்டும் குறித்துக்கொள்வார். ‘து.ப. 1, க.ப. அரை, மி.வ. 6’ என்று இருக்கும்; துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகாய் வற்றல். செய்முறையை ஒருநாளும் எழுதியதில்லை. அதைக் கண்ணால் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வார். அந்த டைரியை எடுத்துப் படித்தால் வேறு யாராலும் ஒரு பதார்த்தமும் செய்ய முடியாது. அவருக்கு அது போதும். எழுத வேண்டியது எது, பார்க்க வேண்டியது எது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

பார்க்க வேண்டியது என்றால் என்ன என்பதற்கு அதிரசத்தைச் சொல்லலாம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஓர் அம்மா அதைச் செய்து காட்டினார். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்பி, ஈரம் முழுக்கக் காயும் முன்பே இடித்துச் சலிக்க வேண்டும். அதுவரை யாருக்கும் தகராறு இல்லை. பாகில்தான் எல்லாம் இருக்கிறது. இளம்பாகில் மாவைக் கொட்டினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். முற்றவிட்டால் கடிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்தால் ‘உருட்டுப் பதம் வந்ததும் இறக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும்.

அந்த அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். வெல்லம் நுரைத்துக் கொதிக்கும்போது தீயைக் குறைத்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அது தண்ணீரில் கரைந்து காணாமல் போனது. தீயைக் கூட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அது கரையாமல் அடியில் போய்ப் படிந்தது, ஆனால் விரலால் கூட்டினால் சேராமல் வழுக்கியது. “இன்னும் இல்லம்மா” என்றார். அடுத்த சொட்டை விரல் நுனியால் கிண்ணத்தின் அடியிலேயே உருட்டினார். மெத்தென்று ஒரு சின்ன உருண்டை வந்தது. அதை வெளியே எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திக் காட்டினார். அழுங்கியது, ஆனால் உடையவில்லை. பதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு முற்றிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் தீயைக் குறைத்துவிட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். இத்தனை நேரமும் கேமரா அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. தொகுப்பாளினி பேசிய குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அத்தை டைரியை மூடிவிட்டு டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பாகின் கொதிநிலை ஏறும். சர்க்கரைப் பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போதுதான் இப்படி மெத்தென்று உருளும். வகுப்பில் கரைசலின் செறிவைப் பற்றி நான் போர்டில் எழுதிப்போடுவதை அந்த அம்மா கிண்ணத் தண்ணீரில் செய்து காட்டினார். அதைவிட நல்ல பாடவேளையை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு அதே அதிரசத்தை ஒரு போட்டி நிகழ்ச்சியில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு பற்றியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். சமைப்பவரின் முகம், பக்கத்தில் நிற்பவரின் முகம், நடுவரின் முகம். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டுத் துண்டு. பாகைக் கிளறும் கையை ஒரு நொடி காட்டுவார்கள். திரும்பி வந்தால் அதிரசம் தட்டில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கும். நடுவர் “பாகு கொஞ்சம் முத்திடுச்சு” என்பார். எப்போது முற்றியது, எப்படித் தெரிந்துகொள்வது, முற்றிய பாகை என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னது தீர்ப்பு. எனக்கு வேண்டியது விளக்கம். தாமுவாலும் பட்டாலும் அதை அழகாகச் சொல்ல முடியும் என்பது தெரிந்ததால்தான் இன்னும் ஆதங்கமாக இருக்கிறது. பட் விஜய் டி.வி.யில் ‘சமையல் சமையல்’ நடத்திய நாட்களில் ஒரு தாளிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

சிரிப்பு நிகழ்ச்சிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக் வித் கோமாளி’ அடுத்து வந்த ஊரடங்கு நாட்களில் எத்தனை வீட்டைச் சிரிக்க வைத்தது என்பதை நானே பார்த்தேன். அத்தையும் சிரித்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் டைரியை எடுத்து வரவே இல்லை. குறித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. 2021-ல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய ‘மாஸ்டர்செஃப்’ சன் டி.வி.யில் வந்தபோது மறுபடி டைரியோடு உட்கார்ந்தார். அது சீரியஸான போட்டி என்று நம்பினார். தட்டு அழகாக இருந்தது, வழி தெரியவில்லை.

பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் தங்கம் என்றும் சொல்ல வரவில்லை. எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடி “சூப்பர்” என்று சொல்லும் தொகுப்பாளினிகள் இருந்தார்கள். ஓட்ஸையும் வாழைப்பூவையும் சீஸையும் ஒன்றாகப் போட்டுப் புதுசு என்று காட்டியவர்கள் இருந்தார்கள். ‘தேவையான அளவு’ என்றே எல்லாச் சாமானையும் சொல்லிப் போனவர்களும் உண்டு. ஆனாலும் சட்டி நம் கண் முன்னால் இருந்தது. சமைப்பவர் தப்பாகச் சொன்னால்கூட நம்மால் கண்டுபிடிக்க முடிந்தது. “அந்த வெங்காயம் இன்னும் வதங்கலையே, அதுக்குள்ள தக்காளியைப் போட்டுட்டா” என்று அத்தை டி.வி.யோடு சண்டை போடுவார். அதுவும் படிப்புதான்.

ஏன் போயின என்று யோசித்தால் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்த நிகழ்ச்சிகளை எண்ணெய், மசாலாப் பொடி, பாத்திரக் கம்பெனிகள் தாங்கிக்கொண்டிருந்தன. செலவு குறைவு, பார்ப்பவர்களும் போதுமான அளவு இருந்தார்கள். மதிய நேரத்தை சீரியல்கள் பிடித்துக்கொண்டன. செய்முறை வேண்டும் என்பவர்கள் போனுக்குப் போனார்கள். அப்புறம் ரேட்டிங். பாகு பதம் வரும்வரை காத்திருக்கும் கேமராவை ரிமோட் வைத்திருக்கும் கை காத்திருந்து பார்ப்பதில்லை. குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் சனி, ஞாயிறு இரவுக்குச் சமையல் வர வேண்டுமென்றால் அது சமைக்காதவர்களுக்கும் பிடிக்க வேண்டும். சமைக்காதவர்களுக்குப் பாகு எதற்கு, போட்டிதான் வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே பாதைதான். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் 1963-ல் பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் உருளைக்கிழங்கு அடையைச் சட்டியிலேயே தூக்கிப்போட்டுத் திருப்பும்போது பாதி வெளியே அடுப்பில் விழுந்துவிட்டது. அதை வெட்டி எறியாமல் அப்படியே ஒளிபரப்பினார்கள். திருப்பும்போது தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று காரணம் சொல்லி, விழுந்ததை எடுத்துச் சட்டியில் ஒட்டவைத்துக் காட்டினார் அவர். பார்த்தவர்களுக்கு அடை சரியாக வந்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. அதே நாட்டில் 1993-ல் சமையலுக்கென்றே தொடங்கிய ‘ஃபுட் நெட்வொர்க்’ சேனல், ஆரம்பத்தில் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தவர்களை வைத்து வளர்ந்தது. பிறகு அதன் மாலை நேரம் முழுக்கப் போட்டிகள் கையில் போனது. அங்கே விழுந்த அடை என்றால் ஆள் வெளியேற வேண்டியதுதான்.

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ரேவதி சண்முகம் இருக்கிறார், மல்லிகா பத்ரிநாத் இருக்கிறார், வெங்கடேஷ் பட் ‘இதயம் தொட்ட சமையல்’ என்று அங்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். நானே தேடிப் பார்க்கிறேன், நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் தேட வேண்டுமென்றால் பெயர் தெரிந்திருக்க வேண்டும். டி.வி. நாம் கேட்காததையும் கொண்டுவந்து போட்டது. எங்கள் கரிசல் காட்டு வீட்டில் கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் வந்தது அப்படித்தான். அது என்னவென்றே தெரியாத எங்களில் யார் அதைத் தேடியிருப்போம்? ஒரே நாளில் தெருவே பார்த்ததால் அந்த வாரம் நாலு வீட்டில் அதே வாசனை வந்தது. எந்த வீட்டில் குழைந்தது, எந்த வீட்டில் உதிரியாக வந்தது என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நடந்தது. போனில் ஆளுக்கொரு வீடியோ. யாரும் யாரோடும் ஒப்பிட்டுப் பேச முடியவில்லை.

அதுபோக, அங்கேயும் வேடிக்கைதான் முந்துகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். அந்தப் பெரியவரும் பேரன்களும் சமைத்துப் போடுவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் ஊருக்கே அண்டாவில் சமைப்பதைப் பார்த்து நான் என் குக்கரில் என்ன செய்ய? ரீல்ஸ் இன்னும் மோசம். வெங்காயம் போட்ட மறுநொடி பொன்னிறம். அதற்கு நடுவில் இருந்த கால் மணி நேரத்தை வெட்டிவிடுகிறார்கள். என் மகள் திருமணமாகி ஓசூர் போன புதிதில் “அம்மா, எவ்வளவு நேரமா வதக்குறேன், கலரே மாறல, வெங்காயம் சரியில்லையா?” என்று போன் செய்தாள். வெங்காயத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் பார்த்துப் படித்த வீடியோக்களில் காத்திருக்கும் நேரம் என்ற ஒன்றே இல்லை.

ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஹெச்.கே. 1957-ல் தொடங்கிய ‘இன்றைய சமையல்’ நிகழ்ச்சியை இன்னும் நடத்துகிறது. மாதாமாதம் பாடப்புத்தகம்போல் ஓர் இதழும் வெளியிடுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஐந்து பேருக்கு அளவு சொன்னார்களாம். குடும்பம் சுருங்கச் சுருங்க நாலு பேருக்கு ஆனது, பிறகு இரண்டு பேருக்கு. பார்ப்பவர் வீட்டில் எத்தனை தட்டு என்று கவனித்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சமையல் எழுத்தாளர் டெலியா ஸ்மித் 1998-ல் பி.பி.சி.யில் முட்டை வேகவைப்பதிலிருந்து தொடங்கினார். இதையெல்லாமா சொல்லிக்கொடுப்பது என்று கிண்டல் செய்தார்கள், அவர் அசரவில்லை.

நம்மிடமும் பொதுத் தொலைக்காட்சி இருக்கிறது. ‘வயலும் வாழ்வும்’ நடத்திய அதே தூர்தர்ஷன்தான் இப்போது டி.டி. தமிழ். பூச்சி அடித்த பயிரைக் காட்டி மருந்து சொன்ன நிகழ்ச்சிக்கு யாரும் கோமாளி கேட்கவில்லை. அங்கே வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம். பெரிய செஃப் வேண்டாம், செட் வேண்டாம், இரண்டாவது கேமராவைச் சட்டிக்கு மேலேயே கட்டிவிட்டால் போதும். முதல் வாரம் இரண்டு பேருக்குச் சோறு: எந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், வடிப்பதென்றால் எந்த நேரத்தில் பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பது. அடுத்து மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காவிட்டால் என்ன செய்வது. அதற்கடுத்து நெத்திலி ஆய்வது. தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வர விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை, கையை மறைக்காமல், ஒரு மீன் முழுக்க முடியும்வரை.