ஒரே ஒரு சுவிட்சு
1961 ஜனவரி 24 நள்ளிரவில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கோல்ட்ஸ்பரோ அருகே, எரிபொருள் கசிந்த பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவானில் உடைந்து, சுமந்து சென்ற இரண்டு ஹைட்ரஜன் குண்டுகளையும் வயல்வெளியில் உதிர்த்தது. ஒவ்வொன்றும் ஹிரோஷிமா குண்டைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஆற்றல் கொண்டது. பாராசூட் விரிந்து இறங்கிய குண்டு, துணி மரக்கிளையில் சிக்க, மூக்கு மண்ணில் பதிய, நட்டுவைத்த கம்பம்போல் நின்றிருந்தது; அது வெடிக்காமல் தடுத்தது குறைந்த மின்னழுத்தச் சுவிட்சு ஒன்றுதான் என்று 1969இல் எழுதப்பட்டு 2013இல் வெளியான அரசு ஆவணம் ஒப்புக்கொள்கிறது. (என் வீட்டு விளக்குச் சுவிட்சே ஆண்டுக்கு இருமுறை பழுதாகிறது.) மற்றதன் யுரேனியப் பகுதி சேற்றுக்குள் ஆழப் புதைந்து, இன்றுவரை எடுக்கப்படாமலே கிடக்கிறது, அந்த நிலத்தை ஆழமாகத் தோண்ட யாருக்கும் அனுமதியில்லை.