பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தேன்

2022 மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையில், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடையைக் குறைக்க, என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். ஆசிரியர் அறையிலும் நாத்தனார் வீட்டிலும் மாடி வீட்டுக்காரர்களிடமும் நான் சொல்லிவைத்திருந்தது வேறு: "பித்தப்பையில் கல்லாம், எடுக்க வேண்டுமாம்." உண்மை தெரிந்தவர்கள் கணவர், மகள், அம்மா, தம்பி என நான்கு பேர்தான். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு 41 வயது. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 112 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 46. கும்பகோணத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன்; எண்கள் எனக்கு மறப்பதில்லை. 2017இல் பேலியோ உணவு முறையில் ஏழு மாதத்தில் 17 கிலோ இறக்கினேன். அடுத்த ஒன்றரை ஆண்டில் 22 கிலோ ஏறியது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி ஒரு கோடை முழுவதும் கொள்ளு ரசம் குடித்தேன்; வாயுத் தொல்லைதான் மிச்சம். முழங்கால் வீங்கும்வரை மகாமகக் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடந்தேன். "வாயைக் கட்டினால் போதும்" என்று எனக்கு யோசனை சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நான் வாயைக் கட்டியிருந்த மாதங்கள் மட்டும் ஏனோ அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

என்னை மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது தூக்கம். 2019 அரையாண்டுத் தேர்வில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். பிள்ளைகள் என்னை எழுப்பவில்லை; எழுப்புவார்களா? பிறகு விடைத்தாள் திருத்தும்போது பார்த்தால், மூன்றாவது கணக்கில் இருபத்திரண்டு பேருக்கும் ஒரே தவறு, ஒரே வரியில். சிரித்துக்கொண்டேதான் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரவில் நான் மூச்சை நிறுத்திவிடுவதாகவும், தோளைத் தட்டினால் திடுக்கிட்டு இழுத்து மூச்சு விடுவதாகவும் அப்போதுதான் சொன்னார். உடம்பெங்கும் ஒயர் ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். மணிக்குச் சராசரியாக 38 முறை என் மூச்சில் தடை ஏற்பட்டிருந்தது. முப்பதைத் தாண்டினாலே தீவிர நிலையாம்.

மருத்துவர் வெள்ளைத் தாளில் இரைப்பையை வரைந்து காட்டினார். ஒரு வழி, இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயாக மட்டும் விட்டுவைப்பது. அதற்கு ஸ்லீவ் என்று பெயர். வெட்டி எறியும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது என்பதால் பசியும் குறையும். இன்னொன்று பைபாஸ்: மேலே சிறு பையாகப் பிரித்து, அதில் குடலை இணைத்துவிடுவது. சர்க்கரைக்கு பைபாஸ் கூடுதல் பலன் தரும், ஆனால் சத்துக் குறைபாடும் கூடுதலாக வரும். ஸ்லீவில் பிற்காலத்தில் நெஞ்செரிச்சல் வரலாம் என்று இரண்டின் குறைகளையும் சொன்னார். குடலைத் திருப்பிவிடுவது என்று கேட்டவுடனே எனக்கு அடிவயிறு கலங்கியது, அதனால் ஸ்லீவ் என்றேன். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படியா முடிவு செய்வது என்றால், ஆம், இப்படித்தான் முடிவு செய்தேன்.

அதன்பின் கொரோனா வந்து இரண்டாண்டுகளைத் தின்றுவிட்டது. 104 கிலோவில் அந்தத் தாளை வாங்கிவந்தவள் 112 கிலோவில் திரும்பிப் போனேன்.

மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்த்தாக வேண்டும் என்றார்கள். நான் பைத்தியமா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்?" பதில் சொல்ல நேரம் பிடித்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சமையலறையில் நின்றபடி, சோற்றுக் குண்டானில் மிஞ்சியதையும், மகள் தட்டில் ஒதுக்கியதையும், நாளைக்கு வீணாகிவிடும் என்று தோன்றிய குழம்பையும் சேர்த்து வழித்துச் சாப்பிடுகிறவள் நான். தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்வீர்கள் என்று அடுத்துக் கேட்டார். நான் தட்டே எடுப்பதில்லை.

காப்பீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பாலிசி ஐந்தாண்டு ஓடியிருந்தது. முதலில் இது அழகு சிகிச்சை என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதியின்படி, மருத்துவர் பரிந்துரையோடு, 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தச் சிகிச்சையை விலக்கிவைக்க முடியாது. 35 என்றால், மற்ற வழிகளில் எடை குறையாமல் போனதோடு, கட்டுப்படாத சர்க்கரை, தீவிர மூச்சுத்தடை போன்ற நோயும் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவர் இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தார். தூக்கப் பரிசோதனை அறிக்கை பழையது என்று மறுபடி ஓர் இரவு ஒயரோடு படுக்கவைத்தார்கள். கடைசியில் மொத்தச் செலவு மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் எழுபதாயிரம் எங்கள் கையைக் கடித்தது. பாலிசி எடுத்தவர்கள் விதிவிலக்குப் பக்கத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். நான் படித்தது மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் புரதப் பொடியும் தெளிந்த சூப்பும் மட்டுமே. கொழுப்பு படிந்து பெருத்த ஈரல் இரைப்பையின் மேல் கவிந்துகிடக்கும். அது சுருங்கினால்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியுமாம். எனக்கு அறுவை சிகிச்சையைவிட இந்த இரண்டு வாரம்தான் கொடுமை. மகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன்.

வயிற்றில் ஐந்து துளைகள். நினைவு வந்தபோது வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. உள்ளே நிரப்பிய வாயுவின் வேலை அது என்றார் செவிலியர். ரத்தம் உறைந்துவிடக் கூடாதென்று அன்று மாலையே எழுப்பி நடக்கவிட்டார்கள். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு பந்துதான் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் கால் மணிக்கு ஒருமுறை முப்பது மில்லி திரவம், மிடறு மிடறாக. மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியில் குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா பரணிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை இறக்கி, எனக்கும் பிறகு என் மகளுக்கும் பால் புகட்டிய வெள்ளிச் சங்கைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்தாள். விளிம்பில் ஒரு நெளிவு. நான் பல் முளைத்தபோது கடித்ததாம். சிரிஞ்சால் அளந்து பார்த்தேன், முழுதாக முப்பது மில்லி பிடித்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் ஐம்பது சங்கு. பழைய கணக்கு நோட்டில் நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணினேன். முதல் நாள் 31. இளநீர், பருப்புத் தண்ணீர், துணியில் வடிகட்டிய எலும்பு சூப், நீர் மோர். 41 வயதுப் பெண் கூடத்துச் சாய்வு நாற்காலியில் சங்கில் குடித்துக்கொண்டிருப்பதைக் கீழே வந்த மாடி வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "பித்தப்பைக்கு இவ்வளவு பத்தியமா?" என்றார். "கல் பெரியது" என்றேன்.

பசி வரவில்லை என்பது உண்மைதான். சாப்பாட்டு நினைப்பு போகவில்லை. பள்ளி திறந்தபின் பதினொரு மணி இடைவேளை மணி அடித்தவுடன் வாய் ஊறியது; வயிறு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் வாரம், பேச்சுவாக்கில், அரை இட்லியை மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லாக உட்கார்ந்தது. வாயில் நுரை நுரையாக எச்சில், முக்கால் மணி நேரம் குளியலறைத் தரையில். அன்றிலிருந்து ஒரு வாய்க்கு இருபது மெல்லு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான். முதலில் முட்டை, மீன், பனீர், பருப்பு. சோறு கடைசியில், இடம் இருந்தால். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு சோற்றுக்கு இடம் இருந்தால் என்று எழுத வேண்டியிருக்கிறது.

நான்காம் மாதம் முடி கொட்டியது. முன்பே எச்சரித்திருந்தார்கள், திரும்ப வளரும் என்றும் சொன்னார்கள், வளரவும் செய்தது. ஆனாலும் எலிவால் போன்ற பின்னலில் ஒரு முழம் மல்லிகை நிற்காமல் நழுவிய மாதங்களை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. குண்டாக இருந்தபோது ஒருமுறைகூட என் தலையைப் பற்றி யாரும் பேசியதில்லை. உள்ளதில் அது ஒன்றுதான் அழகாக இருந்தது என்று நானே நினைத்திருந்தேன்.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் உட்காராமல் நழுவப் பார்த்தேன், விடவில்லை. பாதி இலை போதும் என்றால் பரிமாறுகிறவர் சிரிக்கிறார். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. இலை நிறைய அப்படியே இருக்க, மூடிவைத்துவிட்டு எழுந்தேன். அன்னத்தை வீணாக்குகிறாள் என்ற பார்வை முதுகில் குத்தியது. கை கழுவும் இடத்தில் கணவரின் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு என்னடி? ஏன் இப்படி இளைத்துப் போனாய்? டாக்டர் எதையாவது மறைக்கிறாரா?" என்று கேட்டார். முந்தைய ஆண்டு இதே பெரியம்மாதான் என் இருக்கையை இரண்டு பேர் இருக்கை என்று சொல்லிச் சிரித்தவர். அப்போதும் நான் சொல்லவில்லை.

வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரைக் கூட்டத்தில் இது என்னத்துக்கு என்று இரண்டாம் மாதமே நானாக நிறுத்திவிட்டேன். பதினோராம் மாதம், 2023 ஏப்ரலில், நள்ளிரவில் வலப்பக்க விலாவின் கீழ் வலி பிடித்து முதுகுவரை இழுத்தது. ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "பித்தப்பையில் கல் இருக்கிறது." கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

போன வருடமே எடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொன்ன பித்தப்பையை இந்த வருடம் எப்படி எடுப்பது? விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். ஒரு நோயாளிக்கு இரண்டு பித்தப்பை என்று எழுதினால் தலைமையாசிரியை அறிவியல் பாடம் எடுப்பவர், ஒப்புக்கொள்ள மாட்டார். கடைசியில் மதிய உணவு நேரத்தில் ஆசிரியர் அறையில் எல்லோரும் டப்பாவைத் திறந்துவைத்திருக்கும்போது சொல்லிவிட்டேன். எதிர்பார்த்தது போலவே தமிழாசிரியை, "அப்படியானால் குறுக்கு வழியா?" என்றார். என் டப்பாவிலிருந்த ஒரு முட்டையையும் நான்கு கரண்டி சுண்டலையும் அவர் பக்கம் நகர்த்தி, "இதை நாற்பது நிமிடத்தில் சாப்பிடுங்கள், நடுவில் தண்ணீர் குடிக்காதீர்கள்" என்றேன். உடற்கல்வி ஆசிரியை மட்டும் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை சைக்கிள் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்து, தன் அண்ணிக்கு 120 கிலோ என்றும் எந்த டாக்டர் என்றும் கேட்டார். அதன்பின் இதுவரை ஒன்பது பேர் இப்படித் தனியாக ஒதுக்கிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடக் கூட்டத்தில் கேட்டதில்லை.

2024 ஏப்ரலில், சென்னையில் இதே சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி வந்தது. எனக்கு இரண்டு நாளில் பதினான்கு அழைப்புகள். அந்தச் செய்தி இரண்டாண்டு முன்னால் வந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்; அது சரியான முடிவாக இருந்திருக்குமா என்று எனக்கு இன்றும் பதில் இல்லை. என்னிடம் கேட்கிறவர்களுக்கு டாக்டர் பெயரைவிட முதலில் சொல்வது, அந்தக் கட்டடத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, நள்ளிரவில் தையல் கசிந்தால் யார் வருவார் என்று கேளுங்கள் என்பதுதான். விளம்பரத்தில் தள்ளுபடி போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இப்போதைய கணக்கு: பதினைந்தாம் மாதம் 78 கிலோவுக்கு இறங்கினேன், அதுதான் அடிமட்டம். இன்று 82. பி.எம்.ஐ. 33க்கு மேல், அட்டவணைப்படி இன்னும் பருமன்தான். இரவில் மூச்சு தடைபடாமல் இருக்க மாட்டிக்கொண்டு தூங்கிய மூச்சுக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9இலிருந்து 6.1, ஒரே ஒரு மாத்திரையோடு. மருத்துவர் சொன்ன நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. அதற்கு ஒரு மாத்திரை காலையில். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுவதும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அதற்குக் கைபேசியில் மணி. வகுப்பில் அது அடித்தால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் "டீச்சர், இரும்பு" என்கிறார்கள்.

கைச்சதையும் வயிற்றுத் தோலும் தொங்குகின்றன. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தது பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய தையற்காரர். 112இலும் அவர்தான், 78இலும் அவர்தான். அப்போது ஒரே நாளில் பதினெட்டு ரவிக்கைகளைக் கொண்டுபோய்க் குவித்து, அதிகத் துணியை வெட்டி எறிந்துவிடுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வெட்டாமல், உள்ளே ஒன்றரை அங்குலம் மடித்து இரண்டு வரிசைத் தையல் போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டில் வந்து பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. போன மாதம் நவராத்திரிக்காகப் பச்சைப் பட்டு ரவிக்கையை எடுத்தேன், கை இறுக்கியது. கொண்டுபோனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ரவிக்கையை உட்புறமாகத் திருப்பி, உள் வரிசையை மட்டும் பிளேடால் பிரித்துக் கொடுத்தார்.